மைனஸ் நூற்றெண்பத்தைந்தில் ஒரு சந்தனப் பொட்டு

கரியாஹாட், கொல்கத்தா
செப்டம்பர் 26

மரியாதைக்குரிய ராகவேந்திரன் அத்திம்பேருக்கு, மைத்துனன் சௌந்தரராஜன் அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே பாகீரதி அக்காவின் முழங்கால் வலியும் தங்கள் கோபமும் ஒருசேரக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இது இப்படித்தான் நடக்கப்போகிறது என்று நான் ஆறு மாதம் முன்பே சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்காதீர்கள், சொன்னேன். உங்கள் பெண் ஹம்சினி பாங்க் வேலையை விட்டுவிட்டு ஹவுராவில் ஷெட் எடுத்த அன்றைக்கே, முதல் ஆர்டரில் ஒரு கண்டம் இருக்கிறது என்று என் வாயில் வந்தது. அப்படியே ஆயிற்று. முதல் ஆர்டரே பாழ், கவனமில்லாதவளுக்குத் தொழில் எதற்கு, தீபாவளிக்குள் பூட்டிக்கொண்டு திருச்சிக்கு வரட்டும், டிக்கெட் வாங்கியாயிற்று என்று நீங்கள் எழுதியது கிடைத்தது. நடந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் விவரமாக எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். வாழைக்காய் வறுக்கும்போது எண்ணெய் தெறித்து ஆள்காட்டி விரலில் கட்டு.

முதலில் தொழிலைத் தெரிந்துகொள்ளுங்கள். புரியும்படி சொல்ல இந்தக் குடும்பத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. பி.யு.சி.யில் ஒரே ஒரு பேப்பர்தான் எனக்குப் போச்சு. கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் உலகத்து இரும்பெல்லாம் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் கரை ஏறியது. ஆட்டோமேட்டிக் காரில் கியரை நாம் மாற்ற வேண்டாம், அதுவே மாற்றிக்கொள்ளும். பந்தயக் கார் என்றால் என்ஜின் முறுக்குகிற முறுக்குக்கு கியர் பெட்டிக்குள் இருக்கும் தண்டும் பல்சக்கரமும் தாங்காது. எஃகைக் காய்ச்சிப் பதம் போட்டாலும் உள்ளே கொஞ்சம் மெத்தென்றே தங்கிவிடுகிறது. ஹெட்மாஸ்டர் வரும்போது வகுப்பே எழுந்து நிற்க, கடைசி பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தே இருப்பதில்லையா, அது மாதிரி. அந்த நாலு பேரையும் எழுப்பி நிற்க வைப்பதுதான் ஹம்சினியின் வேலை. திரவ நைட்ரஜன் விட்டுப் பெட்டிக்குள் மைனஸ் நூற்றெண்பத்தைந்து டிகிரி. நம் ஃப்ரீசரெல்லாம் இதன் பக்கத்தில் அடுப்பு. சடாரென்று குளிர்விக்கவும் கூடாது. எட்டு மணி நேரம் மெல்ல இறக்கி, ஒரு முழு நாள் அப்படியே விட்டு, அதே நிதானத்தில் ஏற்றி, கடைசியில் சூளையில் வைத்து எடுக்க வேண்டும். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. இதை அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

அந்த நடுவில்தான் விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் ஆயுத பூஜை போல. அன்றைக்கு ஹவுரா முழுக்க இயந்திரங்களுக்கு லீவு, ஹம்சினியின் பெட்டிக்கு மட்டும் இல்லை. உள்ளே மித்ரா பாபு என்பவரின் பந்தயக் கார் சாமான்கள். ஓட்டப்போகிறவன் அவருடைய சொந்தத் தம்பி. ஷெட்டில் பிஷு-தா (தா என்றால் இங்கே அண்ணா) என்று ஒரு மேஸ்திரி. ஆறடி உயரம், கம்பீரமான குரல், பழுத்த அனுபவம், வயதைப் பார்த்தால் ஐம்பதுக்கு மேல் சொல்ல முடியாது. ஹம்சினி தெருமுனைப் பந்தலுக்குக் கிச்சுரி (நம் பொங்கல் மாதிரி) பிரசாதம் வாங்கப் போன பத்து நிமிஷத்தில் அந்த மனிதர் சூளைக்குப் பொட்டு வைத்தார், தராசுக்கு வைத்தார், சுவிட்ச் போர்டுக்கு வைத்தார், பெட்டிக்கும் வைத்தார். பெட்டிக்கு வைத்தால் ஆயிற்றா, உள்ளே இருக்கிற சாமானுக்குத்தானே பூஜை என்று அவருக்கு ஒரு நியாயம் தோன்றியிருக்கிறது. தப்பென்று சொல்ல முடியாது அத்திம்பேர், சாஸ்திரப்படி சரிதான். வெள்ளிக் கிண்ணத்துச் சந்தனத்தோடு மூடியைத் திறந்தார். (வங்காளி மேஸ்திரிக்கு வெள்ளிச் சந்தனக் கிண்ணம் ஏது என்று அக்கா கேட்பாள். இங்கே எல்லாம் உண்டு.) வெள்ளை மூட்டம் எழும்பி ஆளையே மறைத்தது. அதற்குள் கையை விட்டு ஒரு பல்சக்கரத்துக்குச் சந்தனம் இட்டார். சந்தனம் கல்லாகிவிட்டது. விரலை இழுத்தால் தோல் அங்கேயே நின்றது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் நூலையே விட்டுவிட்டார்.

ஹம்சினி ஓடிவந்து மூடியைச் சாத்தினாள். மீட்டரைப் பார்த்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டிம்மா, துடைச்சாப் போச்சு. பார்த்தா ஒண்ணுமே தெரியலையே?" என்றேன்.

"ஈரக்காத்து பட்டு சட்டுனு சூடேறியிருக்கு மாமா. உள்ளே தலைமுடி மாதிரி கீறல் விட்டிருக்கலாம், விடாமலும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது."

"அப்புறம் என்ன? யாருக்குத் தெரியப்போறது?"

"எனக்குத் தெரியுமே."

அவள் அங்கேயே ஸ்பீக்கரில் மித்ரா பாபுவைக் கூப்பிட்டாள்.

"மித்ரா-தா, குளிர்ல இருக்கறப்போ மூடி திறந்துடுத்து. அந்தச் சாமானை வண்டியில போடாதீங்கோ."

"யார் திறந்தது?"

"என் ஷெட். நான்னே வச்சுக்கோங்கோ."

பிறகு அவர் சொன்னார்: "துடைச்சு அனுப்பியிருந்தா நான் மாட்டியிருப்பேன். தம்பி ஓட்டியிருப்பான்." கூடவே, "வேற செட் தேடிப் பார்க்கறேன். கிடைச்சா உன்கிட்டதான்."

அவள் போனை வைத்துவிட்டு, பிஷு-தாவின் விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அத்திம்பேர், முப்பத்தொரு வருஷம் கையெழுத்துப் போட்டேனே, ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தது கிடையாது. மேலே எழுதியிருந்ததை நம்பி மேலேயே கையெழுத்து. நீங்கள் இவளைக் கவனமில்லாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாததையும் தானே போய்ச் சொல்லுகிறவளுக்கு வேறு பெயர் வேண்டும். எனக்கு வார்த்தை தெரியவில்லை, அந்த ஒரு பேப்பரில் இருந்ததோ என்னவோ. நேற்று மித்ரா பாபுவின் புதிய செட் வந்து இறங்கிவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். வீட்டுச் சின்னவர்களுக்கெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், என் ஆசீர்வாதம்.

இங்ஙனம்,
சௌந்தரராஜன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட மேஸ்திரியை ஏன் வேலைக்கு வைத்தாள் என்றுதான் கேட்பீர்கள், டிக்கெட் ரத்தாகாது. ஆகவே சொல்கிறேன். அந்த ஷெட்டில் பிஷு-தா என்று யாரும் கிடையாது, மேஸ்திரியே கிடையாது. அன்றைக்கு அங்கே இருந்தது ஹம்சினியும் நானும்தான். வாழைக்காயும் வறுக்கவில்லை. "அப்பாகிட்ட உங்க பேரைச் சொல்லமாட்டேன் மாமா" என்று நான் கேட்காமலே சொன்னாள். சொல்லிவிடு என்று நானாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. டிக்கெட்டை என் பெயருக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். வந்து திட்டை நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன்.