என் வலது முட்டிக்காக வந்த பொங்கல்

எனக்குக் கோபம் ஆறுவதே இல்லை. எல்லாவற்றையும் நாள், நேரம் போட்டு எழுதி வைத்திருப்பதுதான் காரணம். மற்றவர்களுக்கு நாளாக ஆக, யார் என்ன சொன்னார்கள் என்பது மங்கிப்போகும். மங்கியதும், மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. நோட்டைத் திறந்தால் அந்தச் சண்டை இன்றைக்குப் போட்டது போலவே சூடாக இருக்கும்.

நான் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, தமிழ்ப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டம் கைமாறி ஆட்கள் சிதறிய பிறகு, யார் எந்த லயத்து வரிசையில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள், எப்போது கிளம்பினார்கள், எங்கே போனார்கள் என்று விசாரித்து எழுதி வருகிறேன். யாரும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்க மாட்டேன்.) பழக்கம் முற்றிப்போய், இப்போது நான் தும்மினாலும் நோட்டில் நேரத்தோடு ஏறிவிடும்.

என் வலது முட்டி போன வரலாறும் அதில் இருக்கிறது. என் வீடு குருபோங்கில் மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. மொத்தம் முப்பத்திரண்டு படி. கடைசி ஒரு வருடம் அந்தப் படிகளில் நான் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். எலும்பும் எலும்பும் உரசுகிறது, முட்டியை மாற்றினால்தான் சரிப்படும் என்றார் டாக்டர். அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்து இருநூற்றுப் பதினோரு நாள் காத்திருந்தேன். ஒரு புதன்கிழமைக்குத் தேதி வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா, மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வார விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். என்னைக் கவனிக்க வேறு ஆள் இல்லை. கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது.

இனி என் தோழிகள். ஒருவர் பாக்கியம் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், இப்போது புக்கிட் ரம்பாயில் மகன் வாங்கிய தரைவீட்டில் இருக்கிறார். இன்னொருத்தி தெரசா. என் வகுப்புத் தோழி. ஓட்டுநர் உரிமம் உள்ளவள் என்பதால் எங்கள் மூவரின் எல்லா விவகாரங்களிலும் அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு.

அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாளே வார்டில் சேர்த்துவிட்டார்கள். நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது என்று இரண்டு மொழியில் சொல்லி, கட்டில் தலைமாட்டில் 'புவாசா' என்று ஓர் அட்டையையும் மாட்டினார்கள். மலாயில் விரதம் என்று அர்த்தம். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

காலை 5.50க்குக் கவிதா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனாள். 5.58க்குப் பாக்கியம் அக்கா வந்து நின்றார், பின்னால் தெரசா. அது பார்வையாளர் நேரமே இல்லை. காவலாளியிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. அக்கா நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"நேத்து நம்ம தோட்டத்து அம்மன் கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணேன் சரோ. பேரு, நச்சத்திரம், வலது முட்டி, எல்லாம் சொல்லியாச்சு."

"முட்டியக்கூடவா சொன்னீங்க?"

"பின்ன? மொட்டையா உடம்புன்னு சொன்னா அம்மா எங்கன்னு பாப்பா? ஐயரு தனியா உனக்குன்னு பொங்கல் குடுத்தாரு. ஒரு வாய் போட்டுக்க."

நான் அட்டையைக் காட்டினேன். பாக்கியம் அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அதெல்லாம் சோறு தண்ணிக்கி லா. பெரசாதம் எப்பிடிச் சாப்பாட்டுல சேரும்? நாம கார்த்திக வெரதம் இருக்கறப்ப கோயில்ல குடுத்தா வாங்க மாட்டமா?"

நான் தெரசாவைப் பார்த்தேன். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதையும் தொடாதவள். அவளாவது தடுப்பாள் என்று நம்பினேன்.

"உங்க சாமி விசயத்துல நான் என்னத்தச் சொல்றது?" என்றாள். "ஆனா கொண்டாந்தத வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

இங்கேதான் என்னுடைய படிப்பு எனக்குத் துரோகம் செய்தது. நாலு புத்தகம் படித்தவள் என்றால் 'கூடாது' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், என் பசிக்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். பிரசாதம் என்பது உணவு அல்ல, அருள். அருளுக்கும் இரைப்பைக்கும் சம்பந்தம் இல்லை. இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாக்கில் வைத்தால் போதும் என்று ஆரம்பித்து, இலையை வழித்து முடித்தேன். சூடு ஆறியிருந்தாலும் ஏலக்காய் மணம் அப்படியே இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல நோட்டை எடுத்து எழுதினேன்.

7.25க்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்னப் பெண், நம் பெண்தான். சுருக்கமாகக் கேட்டார்:

"ஆண்டி, கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் மற்ற எல்லோரும் "நேத்து ராத்திரி" என்பார்கள். நான், "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்றேன். மூக்குக் கண்ணாடியை மாட்டினேன். டாக்டருக்குப் பின்னால் பாக்கியம் அக்கா கண்களை உருட்டிக்கொண்டிருந்தார். (கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன், பாவம் என்றுகூட நினைத்தேன்.) நோட்டைப் பிரித்துத் தெளிவான குரலில் வாசித்தேன்:

"காலை 6.04. பாக்கியம் அக்கா. சர்க்கரைப் பொங்கல். முந்திரி இரண்டு. நெய் சற்றுத் தூக்கல்."

டாக்டரோடு வந்த மிஸ்ஸி, அதாவது தாதி, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இன்னிக்குச் செய்ய முடியாது ஆண்டி. மயக்கத்துல வயித்துல இருக்கறது மேல வந்து நெஞ்சுக்குள்ள போயிருச்சின்னா உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு அப்புறம் மூணு பேர் காத்திருக்காங்க. வேற தேதிதான்."

ஈரத் தலையோடு கவிதா வந்தபோது நான் இலைப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு வயதில்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ரெண்டு வாரம்மா. இன்னொரு தடவ குடுக்க மாட்டாங்க. அடுத்த வாட்டி யாரு பாப்பா உங்கள?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைப் பற்ற வைத்தது. நியாயமாக அந்தக் கோபம் என் மேல் வந்திருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் பாக்கியம் அக்காவின் மேல் போய் விழுந்தேன்.

"என் இருநூத்திப் பதினோரு நாளும் போச்சுக்கா. உங்க பொங்கலால."

"என் பொங்கலால இல்ல. உன் நோட்டால. ஒன்ன யாரு அதப் படிக்கச் சொன்னா? வாய மூடிக்கிட்டு படுத்திருந்தா இந்நேரம் வேல முடிஞ்சிருக்கும்."

"வேலையோட நானும் முடிஞ்சிருப்பேன். டாக்டர் சொன்னது காதுல விழலியா?"

"நெய்யி தூக்கலாம். விடிஞ்சும் விடியாம தூக்கிட்டு வந்தா, நெய்யில கொறையா?"

எனக்குத் தெரிந்து அவருக்கு அதுதான் உண்மையில் வலித்தது. தெரசா கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஏறுங்க, வெயிலு" என்று மூன்று தரம் சொன்னாள். நான் ஏறவில்லை. கவிதாவோடு வாடகைக் காரில் போனேன். அதோடு நானும் பாக்கியம் அக்காவும் பேசவில்லை. ஐம்பத்து மூன்று நாள். அந்த நாட்களில் நோட்டில் அவர் பெயர் வந்த இடத்திலெல்லாம் 'அந்த அம்மாள்' என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த தேதி வந்தது. கவிதாவுக்குச் சனி, ஞாயிறோடு சேர்த்து நாலு நாள்தான் கிடைத்தது. மருத்துவமனையில் ஒரு தாதி பாரத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் யார் பார்ப்பார்கள், எத்தனை படி என்று கேட்டார். முப்பத்திரண்டு என்றேன். முதல் ஆறு வாரத்துக்குக் கூட ஆள் வேண்டும், தரைவீடாக இருந்தால் நல்லது என்றார். எனக்குத் தெரிந்த தரைவீடு ஒன்றுதான். அதில் நான் பேசாத ஒருவர் இருந்தார்.

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடாவிட்டால் முட்டி அப்படியே கிடக்கும், நண்டு நடையோடே காலம் போய்விடும். கூப்பிட்டால் தோற்றதாகிவிடும். கடைசியில் முட்டிதான் ஜெயித்தது.

"அக்கா, நான் சரோ."

"தெரியுது. எந்தத் தேதி?"

"நான் இன்னும் விசயத்தச் சொல்லலியே."

"தெரசா சொல்லிட்டா. நடு ரூம்ப காலி பண்ணி வெச்சிட்டேன். கக்கூஸ்ல கைபிடி அடிக்கச் சொல்லி மகன்கிட்ட சொல்லியாச்சு. நீ போன் பண்றதுக்குத்தான் உக்காந்திருந்தேன். இவ்ளோ நாளா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆயத்தம் எல்லாம் முடித்துவிட்டு என்னை அரை மணி நேரம் உட்காரவைத்திருக்கிறாரே என்று.

இரண்டாவது முறை வார்டில் பாக்கியம் அக்காதான் துணை. சாயங்காலமே என் பையைச் சோதனை போட்டு, புளிப்பு மிட்டாய், இருமல் மாத்திரை, பிஸ்கட் எல்லாவற்றையும் தெரசாவிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். காலையில் பல் துலக்கும்போது பக்கத்திலேயே நின்றார். "துப்பு. இன்னும் இருக்கு. துப்பு." அவரும் முந்தின நாள் மாலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை மிஸ்ஸி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"நீங்க ஏன்கா பட்டினி?"

"நான் தின்னா உனக்கு வாசன வரும். உன்ன நம்ப முடியாது."

முட்டியை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு வந்த வலியை எழுத எனக்குச் சொற்கள் கிடைத்தன, ஆனால் அச்சில் ஏற்ற முடியாது. மறுநாளே எழுப்பி, நடைத்தாங்கியைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்துக்குள் முட்டி தொண்ணூறு பாகை மடங்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கவேண்டி வரும் என்றார் மருத்துவமனைப் பயிற்சியாளர். மறுபடி மயக்கம் என்றதும் பாக்கியம் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

புக்கிட் ரம்பாயில் அந்த நடு அறையில் நான் நாற்பத்து நாலு நாள் இருந்தேன். தெரசா காலையில் வந்து குளிப்பாட்டுவாள், பனிக்கட்டி ஒத்தடம் வைப்பாள், எங்கள் சண்டையில் இரண்டு பக்கமும் ஆமாம் போடுவாள். பாக்கியம் அக்கா பத்து மணிக்குப் பயிற்சிக்கு வருவார். குதிகாலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடக்கலுக்கும் எண்ணுவார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. மடக்கு. நாலு."

"நாலு சொல்லிட்டீங்க."

"அது சரியா மடங்கல. நாலு."

"பத்துன்னா பத்துதான்க்கா. இதோட பதினாலு ஆச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எண்ணு. கத்து. திட்டணும்னாலும் திட்டிக்க. கால மட்டும் மடக்கு. அஞ்சு."

தோட்டத்தில் கேட்ட கெட்ட வார்த்தைகளை எல்லாம் அந்த அறையில் திரும்பப் பயன்படுத்தினேன். அக்கா அசையவில்லை. மருந்து, ஒத்தடம், தைலம் எதுவும் செய்யாததை எனக்கு என் கோபம் செய்தது. அவரிடமிருந்து காலைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்ற வெறியிலேயே முட்டி மடங்கிற்று. நாற்பதாம் நாள் பயிற்சியாளர் அளந்து பார்த்தார். தொண்ணூற்றாறு பாகை. பாக்கியம் அக்கா அவரிடம் மலாயில் ஏதோ நீளமாகச் சொன்னார். இந்த அம்மாவுக்கு எண்ணத் தெரியாது, நான்தான் சரியாக எண்ணினேன் என்று அர்த்தம்.

அன்று மதியம் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'பாக்கியம் அக்கா. சர்க்கரைப் பொங்கல்' என்று இருந்தது. யார் சாப்பிட்டது என்று எங்கும் எழுதவில்லை. இத்தனை வருடம் துல்லியம் துல்லியம் என்று பீற்றிக்கொண்டவள், தின்றவளின் பெயரை விட்டுவிட்டு, கொண்டுவந்தவரின் பெயரைப் போட்டிருக்கிறேன். பேனாவை எடுத்து 'சாப்பிட்டது நான்' என்று ஓரத்தில் சேர்த்தேன். கோபம் கொஞ்சம் இடம் மாறியது. போகவில்லை, மாறியது.

இப்போது நான் முப்பத்திரண்டு படியையும் நேராக இறங்குகிறேன். கல்யாணம், காதுகுத்து எதையும் விடுவதில்லை. அதுதான் வம்பாகிவிட்டது. ஏனென்றால் எங்கே போனாலும் பாக்கியம் அக்கா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் தப்பாகச் சொல்கிறார். முதலில் ஒரு கை பொங்கல் ஒரு கிண்ணமாயிற்று. பிறகு தூக்குச் சட்டி. போன மாதம் மெர்லிமாவ் கல்யாணத்தில், அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்க, நான் சட்டியைப் பிடுங்கித் தின்றதாகவும், டாக்டர் வந்தபோது அவருக்கும் ஒரு வாய் நீட்டியதாகவும் போய்விட்டது. கவிதா கைதட்டிச் சிரிக்கிறாள். தெரசா, கூட இருந்து பார்த்தவள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "ஒரு சின்ன இலை. 6.04. ரெண்டே ரெண்டு முந்திரி. யாருக்கும் நீட்டல" என்றேன்.

நான் இப்படி நோட்டைப் பிரித்து வாசிப்பேன் என்றுதான் பந்தி முழுவதும் சோற்றில் கைவைக்காமல் காத்திருந்திருக்கிறது.