சிரிக்க வைக்காத ஒருவர் உடனே தேவை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் உள்ளோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அடுத்த வரியில், இங்கும் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்திக்கு மூக்கில் குழாய், இன்னொருவனுக்குக் கழுத்தில் பட்டை. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். நாற்பத்திரண்டு வருடத்தில் தங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வருகிற வியாழக்கிழமைக்குள் எப்படியாவது புறப்பட்டு வந்துவிடுங்கள். தங்களால் மட்டும்தான் ஆகும். ஏன் தங்களால் மட்டும் என்பதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது.

தங்கள் தங்கைக்குப் பக்கவாதம் வந்து பத்து வாரம் ஆகிறது. கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு குழறலாகத் திரும்பியிருக்கிறது. என்னைத் திட்டுகிற பகுதி மட்டும் முதல் வாரமே தெளிவாகத் திரும்பிவிட்டது. திரும்பாதது விழுங்குவதுதான். நாம் பாட்டுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறோமே, அதற்கு முப்பது தசைக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டுமாம். நாக்கு பின்னால் தள்ள வேண்டும், குரல்வளை மேலே ஏற வேண்டும், மூச்சுக்குழாய் மூட வேண்டும், உணவுக்குழாய் திறக்க வேண்டும், எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். இவளுக்குக் குரல்வளை சோம்பேறியாகிவிட்டது, ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அது ஏறாவிட்டால் தின்றது நுரையீரலுக்குப் போய்விடும். அதனால்தான் மூக்குக் குழாய். வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வீட்டுக்கு வந்து தொண்டைக்குப் பயிற்சி கொடுக்கிறாள். தொண்டை டீச்சர் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் அவள் நிற்கும்போது நான் உட்காருவதில்லை.

என் கெட்ட நேரம் எங்கே ஆரம்பித்தது என்றால், நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வால்வு திறந்து மூடியவன். ஒன்றை மூடாமல் இன்னொன்றைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீச்சர் தொண்டையைப் படமாக வரைந்து காட்டியதுமே, "அட, இது நம்ம வேலைதாம்மா!" என்று சொல்லிவிட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அன்றைக்கு முதல் முறையாக ஒரு கரண்டி மசித்த வாழைப்பழம் கொடுத்தாள். குரல்வளை ஏறுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள் டீச்சர். நானும் வைத்தேன். வைத்ததுதான் தாமதம், பழக்க தோஷம், தெருக்கோடியில் இருக்கும் பம்பு அறைக்குக் கேட்கிற குரலில், "மேல மூடு! கீழ திற! விடு, விடு, விடு!" என்று கத்திவிட்டேன். தங்கள் தங்கை சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் உதட்டைக்கூடப் பிரிக்காதவள், வாய் நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது காற்று உள்ளே இழுக்கும், பழமும் கூடவே போகும். முகம் நீலமாகிவிட்டது. டீச்சர் முன்னால் சாய்த்துப் பிடித்து இரும வைத்து ஒரு வழியாக மூச்சு வந்தது.

அன்றே டீச்சர் சுவரில் அட்டை ஒட்டிவிட்டாள். சாப்பிடும்போது பேசக் கூடாது. சாப்பிடும்போது சிரிக்கக் கூடாது. இரண்டாவது வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. சரி, சிரிக்க வைக்காமல் இருப்பது என்ன பெரிய வித்தை, இத்தனை வருடம் முயற்சி இல்லாமலே செய்ததுதானே என்று நினைத்தேன். நடக்கவில்லை. நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்கும் பயிற்சி ஒன்று உண்டு. அவளுக்குத் துணையாக நானும் செய்தேன். செய்த வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ரத்தமே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் மோட்டார் சாவி கேட்டு வந்தார். நான் பதில் சொன்னது அவருக்குக் குழறலாகக் கேட்டிருக்கிறது. "ஐயையோ, சாருக்கும் வந்துடுச்சு!" என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தவளை விட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்த என்னைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் கட்டினார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று நான் சொல்லச் சொல்ல, "பேச்சு இன்னும் மோசமாகுது" என்று இறுக்கிக் கட்டினார்கள். வாசல்படி வரை போய்விட்டேன். தங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் ஊட்டல் அன்றைக்கு ரத்து.

அடுத்த வாரம் மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிக் கால் கட்டைவிரலைப் பார்க்கும் பயிற்சி. ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கட்டிலில் அவள், தரையில் நான். அவளுக்குத் தொண்டைத் தசை பலமானது, எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மேலே சொன்ன பட்டை அதனால் வந்தது. இப்போது யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்ப வேண்டும். இதற்கும் சிரிக்கிறாள். இப்போதெல்லாம் நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சமையலறையிலிருந்து கிண்ணத்தோடு வெளியே வந்தாலே போதும், என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்கிறாள். முகக்கவசம் போட்டுப் பார்த்தேன். கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தேன், அதை ஏன் செய்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் பரீட்சை. எக்ஸ்ரே இயந்திரத்துக்கு முன்னால் உட்கார வைத்து, வெள்ளையாக ஒரு கூழைக் கொடுத்து, அது எந்த வழியில் இறங்குகிறது என்று படம் எடுப்பார்கள். சரியான வழியில் இறங்கினால் மூக்குக் குழாயை எடுத்துவிடுவார்கள். தப்பு வழியில் போனால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைப்பார்களாம், அது எப்போது வெளியே வரும் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஊட்டுவதற்கு அவளுக்குப் பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க சார், அவங்க தொண்டை எவ்வளவோ தேறிடுச்சு. இப்போ நீங்கதான் ஆபத்து. வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அன்று மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

அப்போதுதான் தங்கள் ஞாபகம் வந்தது. துணைத் தலைமை ஆசிரியராகத் தாங்கள் தேர்வு அறைக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தம் போடாது என்பார்கள். எங்கள் கல்யாணத்தில் எடுத்த அத்தனை படத்திலும் தாங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை, ஆல்பத்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, இப்போது எனக்கு இதைவிடப் பெரிய தகுதி தெரியவில்லை. தாங்கள் வந்து கரண்டியைப் பிடித்தால் அவள் மூச்சுக்கூட விடாமல் விழுங்கிவிடுவாள். வந்தால் ஒரு மாதம் இருங்கள். எனக்கு முடியவில்லை, மைத்துனரே. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள். எல்லோருக்கும் எது தின்றாலும் நல்ல வழியில் இறங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுறேன். இடது கை, அதான் கிறுக்கல். அவர் லெட்டரை மடிக்காம நாற்காலியிலேயே தூங்கிட்டார். முழுசும் படிச்சேன். வாயில ஒண்ணும் இல்ல, அதனால தாராளமா சிரிச்சேன். அவர் எழுதினது எல்லாம் நிஜம், கடைசியா வயிறாரச் சாப்பிடுறேன்னு எழுதினதைத் தவிர. குழாய் போட்ட நாள்லேர்ந்து என் எதிர்ல அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்ல. பார்த்தா நான் ஏங்கிடுவேனாம். எனக்கு மசிச்சதுல மிச்சத்தை, சமையலறைக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, டீச்சர் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, குனியாத கழுத்தைக் குனிஞ்சு, கரண்டிக்கு ரெண்டு தடவை முழுங்கித் தின்னுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு வெளியே வர்றார். அது கண்ணாடிக் கதவு அண்ணா. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகை வருது. அழுதாலும் புரை ஏறும்னு சிரிச்சுடுறேன். நீங்க வந்து எனக்கு ஊட்ட வேண்டாம். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பேசினா எனக்குத் தூக்கம் வரும், தூக்கக் கலக்கத்துல சாப்பிடவே கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமை அவரே ஊட்டட்டும். நான் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடுவேன். ஆனா நீங்க கண்டிப்பா வாங்க. வந்து அவரை வெளியே எங்கேயாவது கூட்டிட்டுப் போய், உட்கார வச்சு, கடிச்சு மென்னு தின்னுற மாதிரி ஏதாவது வாங்கிக் கொடுங்க.