கேட்டில் ஒட்டிய திருட்டு முழி

பயந்தாங்கொள்ளி கையில் பூட்டைக் கொடுத்தால், முதலில் வெளியே மாட்டிக்கொண்டு நிற்பது அவள்தான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொந்த மானத்தைச் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் டிரெய்னி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். மறைமலை நகரில் ஒரு வாடகை அறையில் ஐந்து பெண்கள் இருந்தோம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி, ஒரு பிளக் பாயின்ட், ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அந்தப் போன் என்னுடையது. (அதனால் அறையில் நான் வைத்ததுதான் சட்டம்.)

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் அதற்குள்தான் இருந்தன. நைட்டியோடு ஆடிய ஆட்டம், கடலை மாவு பூசிய முகங்கள், சூப்பர்வைசர் போல ஜெசிந்தா நடந்து காட்டிய வீடியோ. எல்லாம் விளையாட்டுத்தான். ஆனால் ஒரு படம் வெளியே போனால் போதும், ஐந்து அப்பாக்களும் அடுத்த ரயிலில் வந்து இறங்கிவிடுவார்கள். "ஒரு சொல்லு எங்காதுல விழுந்துச்சுன்னா, மறுபேச்சு பேசாம ஊருக்கு வந்துரணும், கேட்டியா?" என்று சொல்லித்தான் என் அப்பா அனுப்பியிருந்தார். எங்களில் செல்விக்கோ ஊரில் மாப்பிள்ளையே தயார். அவருக்கு வழுக்கை விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆகவே திருட்டைத் தடுக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். போனைத் திறக்கும் பேட்டர்னை யாராவது தப்பாகப் போட்டால், போன் சத்தமில்லாமல் அந்த முகத்தைப் படமெடுத்து மெயிலில் அனுப்பிவிடுமாம். எந்த மெயிலுக்கு என்று கேட்டது. எனக்கேது மெயில்? போன் வாங்கிய கடையில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அது என்னவென்று எனக்குத் தெரியாது. எனக்கு மனப்பாடமான மெயில் முகவரி உலகத்திலேயே ஒன்றுதான். கம்பெனி கேன்டீன் சுவரில், சாம்பார் வாளிக்கு நேர் மேலே, 'உங்கள் ஆலோசனைகளை அனுப்புங்கள்' என்று பெரிதாக எழுதிப் போட்டிருப்பார்கள். தினமும் தட்டோடு வரிசையில் நின்று படித்தது. அதையே அடித்தேன், அடித்த கையோடு மறந்தும் போனேன்.

பேட்டர்னையும் சும்மா விடவில்லை. ஒன்பது புள்ளியையும் தொட்டு மார்கழிக் கோலம் மாதிரி ஒன்றைப் போட்டேன். அது எனக்கே நாலைந்து தடவை தப்பிய பிறகுதான் வரும்.

"ஏட்டி, இது போனா, பேங்க் லாக்கரா?" என்பாள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி.

"பாதுகாப்புன்னா சும்மாவாட்டி?" என்பேன் நான்.

கொஞ்ச நாளில் கம்பெனி கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கீழேயிருந்து எடுத்த ஒரு முகத்தின் கறுப்பு வெள்ளைப் பிரின்ட். இரண்டு மூக்குத் துவாரம், பாதி மூடிய கண், முகமெல்லாம் ஏதோ பூச்சு, தலையில் முண்டாசு. 'இந்த நபரைத் தெரிந்தவர்கள் எச்.ஆரில் தகவல் சொல்லவும்.' செக்யூரிட்டி கஸ்தூரி அக்கா, வல்லக்கோட்டைக்காரர், என் பையைச் சோதித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, இந்த மூஞ்ச எங்கியாச்சும் பாத்துக்கீறியா?"

உற்றுப் பார்த்தேன். "இல்லக்கா. ஆனா பாத்தாலே தெரியுது, சரியான திருட்டு முழி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிறு சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினால், கைப்பையின் ஜிப் திறந்து கிடக்கிறது. போன் இல்லை. செல்வியின் பட்டன் போனிலிருந்து அடித்தோம். ரிங் போனது, பிறகு சுவிட்ச் ஆஃப். அன்று அறையில் யாரும் சாப்பிடவில்லை. செல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். போலீசுக்குப் போனால் அவர்களும் படங்களைப் பார்ப்பார்களே என்று பயம். என்னால்தானே இத்தனை பேருக்கும் இந்தக் கதி! வல்லக்கோட்டை முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன். (யாருடைய முடி என்று சொல்லவில்லை. அந்த அழுகையிலும் அவ்வளவு சூதானம்.)

மறுநாள் லைனில் நிற்கும்போதே ஆள் வந்தது. "மாரீஸ்வரி, எச்.ஆர்ல கூப்புட்றாங்க." டிரெய்னிகளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும் மாதம் அது. படம் பரவிவிட்டது என்றே முடிவுகட்டினேன். கையிலிருந்த வயரை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன்.

அறையில் எச்.ஆர். சார், கஸ்தூரி அக்கா, கம்ப்யூட்டர் முன்னால் மோகன். மோகன் மறைமலை நகர்ப் பையன், எச்.ஆர். உதவியாளர். ஆலோசனை மெயில்களைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்க நான்! கொட்டாவி விடும் நான், வாயில் பேஸ்ட் நுரையோடு நான், நாக்கைத் துருத்திக்கொண்டு கோலம் போடும் நான், கடலை மாவோடும் துண்டு முண்டாசோடும் நான். ஒரு படத்தில் கழுத்தில் ஐடி கார்டு. அதைப் பெரிதாக்கித்தான் ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"ஒரு மாசமா ஆலோசனை பாக்ஸுக்கு இதாம்மா வருது" என்றார் எச்.ஆர். சார். "யாரோ போனைத் திருடித் திறக்கிறாங்கன்னு நெனச்சு கேட்ல வேற ஒட்டினோம். உங்க ஆலோசனைதான் என்ன?"

"அடிப்பாவி! திருட்டு முழின்னு நீதான சொன்ன!" என்று கஸ்தூரி அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

செயலி, கேன்டீன் சுவர், ஷேர் ஆட்டோ என்று எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டினேன். மோகன் சட்டென்று நிமிர்ந்தார்.

"சார், அப்ப இன்னிக்குக் காலைல வந்தது இவங்க இல்ல!"

திறந்தார். மீசை வைத்த ஒரு முகம். அதுவும் என்னைப் போலவே நாக்கைத் துருத்திக்கொண்டு என் கோலத்தோடு போராடிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையாகத் தொங்கும் போன் கவர்கள்.

"அய்ய, நம்ம கேட்டாண்ட கவர் விக்கிறவன்!" என்றார் கஸ்தூரி அக்கா.

என் போனுக்குக் கவர் போட்டவரும் அவர்தான். 'காலம் கெட்டுக் கெடக்குது தங்கச்சி, போனப் பத்திரமா வெச்சிக்கோ' என்று அறிவுரையும் இலவசமாகக் கொடுத்திருந்தார். திருட்டுப் போன்களை வாங்கி விற்பது அவருடைய இன்னொரு தொழில் போல. அவசரத்தில் என் சிம்மைக்கூடக் கழற்றவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கஸ்தூரி அக்கா சாவகாசமாக நடந்து போய், ஒரு கவரை எடுத்து விலை கேட்டார். கவர்க்காரர் விலை சொல்ல வாயைத் திறந்ததும் கொத்தாகச் சட்டையைப் பிடித்தார். அவருடைய கடை மேசைக்கு அடியில் ஒரு பை நிறையப் போன்கள். பாதி எங்கள் கம்பெனிக்காரர்களுடையவை. போலீஸ் வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போனது.

"இது உங்களுதுதான்னா திறந்து காட்டுங்க" என்று எச்.ஆர். சார் என் போனை நீட்டினார்.

கோலம் போட்டேன். தப்பு. மறுபடியும் தப்பு. மோகனின் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. திரையில் கண்ணீரும் சிரிப்புமாகப் புத்தம்புதிய நான்.

"போதும்மா, ஆதாரம் வந்திருச்சு" என்றார் சார்.

ஒரு படம்கூட வெளியே போகவில்லை. நானே திறக்க முடியாத பூட்டை அவன் எப்படித் திறப்பான்? செல்வி என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் நிரந்தரமானேன். ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோருக்கும் போன் பாதுகாப்பு பற்றிப் பேசவும் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து இரண்டே விஷயம் சொன்னேன்: பூட்டு உங்களுக்கு மறக்காததாக இருக்கட்டும், மெயில் உங்களுடையதாக இருக்கட்டும். கேன்டீனே அதிரக் கைதட்டினார்கள்.

மறு வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தது மோகன் வீட்டார். என் அப்பா மரியாதையாக ஸ்டுடியோ படத்தை நீட்டினார்.

"வேணாம் மாமா," என்றார் மோகன். (அதற்குள் மாமாவாம்.) "நான் நெறையப் பாத்துட்டேன்."

அப்பாவின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. மோகன் வெலவெலத்துப்போய், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளைப் பிரித்து நீட்டிவிட்டு, முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னார். கேட்டில் ஒட்டிய அதே பிரின்ட். அப்பா அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சரியான திருட்டு முழிதான்" என்றார். "இதப் பாத்த பெறகும் பொண்ணு கேட்டு வந்திருக்காகன்னா, பேச என்ன இருக்கு? தட்ட மாத்துங்க."

இன்றும் அப்பாவின் போனில் என் பெயர் மாரீஸ்வரி இல்லை. நான் கூப்பிட்டால், 'திருட்டு முழி அழைக்கிறது' என்றுதான் வரும்.