நித்திரைச் செம்மலுக்கு ஒரு பொன்னாடை

மனிதகுல நாகரிகத்துக்குத் தாம்பரம் அளித்த கொடைகளில் தலையாயது எது என்று கேட்டால், சென்னை பீச் ஸ்டேஷன் போகும் காலை எட்டு ஐந்து மின்சார ரயிலின் நடுப்பெட்டியில் நாங்கள் போற்றி வளர்த்த ஒரு தூக்கம்தான் என்பேன். விமானப்படைத் தளமெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்தப் பெட்டியில் 'எட்டு ஐந்து பயணிகள் நல்வாழ்வுச் சங்கம்' என்று ஒன்று உண்டு. மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் வந்தபோதும் கலையாத அமைப்பு. செயலாளர் அடியேன். தேர்தல் கிடையாது. ஆயுதபூஜைக்குப் பொரி வாங்கி வர எவன் தலையாட்டுகிறானோ அவன் செயலாளர்.

சங்கத்தின் ஒப்பற்ற சொத்து, பத்ரிநாராயணன். எழும்பூர் பக்கம் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். வீடு பெருங்களத்தூர். அங்கே ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும் என்பதால், ஸ்கூட்டரில் தாம்பரம் வந்து, வண்டி புறப்படும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் தீர்க்கதரிசி. அவருக்கென்று ஜன்னலோர இருக்கையில் கைக்குட்டை போட்டு வைப்பது டெனிஸின் பொறுப்பு. டெனிஸ் கூரியர் கம்பெனிக்காரன், சங்கத்தின் 'தகவல் தொடர்பு' பிரிவு. அதாவது, வாய்.

பத்ரி உட்காருவார். வண்டி சானடோரியத்தைத் தொடுமுன் தூங்கியிருப்பார். குரோம்பேட்டையில் குறட்டை தொடங்கும். பல்லாவரம் தாண்டியதும் அந்த அற்புதம் நிகழும். குறட்டை சட்டென்று நிற்கும். வாய் திறந்தபடி, மார்பு அசையாமல், சிலைபோல இருப்பார்.

"இன்னா சார், வண்டி நின்னுடுச்சி?" என்பான் டெனிஸ்.

"சிக்னல் விழலைப்பா" என்பேன் நான், செயலாளருக்குரிய நிதானத்தோடு.

பெட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அப்புறம் தண்ணீருக்குள் அமுக்கிய ஆள் மேலே வந்ததுபோல 'ஹக்' என்று ஒரு பேரொலி. தலை தூக்கிப் போடும். மறுபடி குறட்டை புறப்படும்.

"சிக்னல் விழுந்துச்சு டோய்!" பெட்டி முழுக்கக் கைதட்டல்.

கிண்டி வருவதற்குள் நாலைந்து முறையாவது இது நடக்கும். அலுவலகக் கவலைகளோடு ஏறுகிற ஒரு பெட்டி மனிதர்களைச் சிரிக்க வைத்து இறக்கிவிடுவது சாதாரணத் தொண்டா? அதனால் ஆயுதபூஜைக்கு முந்தின நாள், மாலையும் மாவிலையும் கட்டிய பெட்டியில், அவருக்கு 'நித்திரைச் செம்மல்' பட்டம் வழங்கி, பொன்னாடை போர்த்தினோம். அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். ஏற்புரையும் அதே பாணியில் அமைந்தது.

எழும்பூரில் விழித்து, தோளில் கிடந்த ஜரிகையைப் பார்த்து, "இது யாரோடது சார்?" என்றார். அவர் கையில் பொரியைத் திணித்தேன். வாயில் போட்டார். பொட்டுக்கடலையைக் கடித்தார். 'டக்'.

உடைந்தது கடலை அல்ல. கடைவாய்ப் பல்.

பொரி சங்கத்துடையது என்பதால், சனிக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் பல் டாக்டர் ரத்தினபாயிடம் அவரை அழைத்துப்போகும் கடமை செயலாளர் தலையில் விழுந்தது. டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பல்லெல்லாம் இப்படித் தேய்ஞ்சிருக்கே. ராத்திரி நறநறன்னு கடிப்பீங்களா?"

"தூங்கறப்போ எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"காலையில வாய் காய்ஞ்சிருக்குமா? தலைவலி?"

"தினமும்."

"நாக்கு ஓரத்துல பல் பதிஞ்ச தழும்பு. தொண்டை வழி ரொம்பக் குறுகலா இருக்கு. நீங்க தூங்கறதை வீட்ல கவனிச்சிருக்காங்களா?"

"குறட்டை தாங்காம அவ ஹாலுக்குப் போய்ப் பல வருஷமாச்சு. என் தூக்கத்தைப் பார்க்கிறவங்கன்னா, இதோ, சார்தான்."

நான் டை கட்டாத குறையைச் சட்டைக் காலரைச் சரிசெய்து ஈடுகட்டினேன். "டாக்டர், பல்லைப் பார்க்க வந்தா தூக்கத்தைக் கேட்கறீங்களே?"

"பல்லுக்குப் பின்னாடிதானே சார் தொண்டை இருக்கு? சொல்லுங்க. தூங்கும்போது மூச்சு நிக்குதா?"

இப்படியொரு ரசிகை கிடைப்பாரென்று நான் எதிர்பார்க்கவில்லை. குரோம்பேட்டையிலிருந்து ஆரம்பித்தேன். குறட்டை, நிறுத்தம், சிக்னல், 'ஹக்' அனைத்தையும் நடித்தே காட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அது நிக்கிறப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"காத்திருப்போம் டாக்டர்."

"அப்புறம்?"

"கைதட்டுவோம்."

விளக்கை அணைத்துவிட்டு டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தூக்கத்துல தொண்டை மூடிக்குது சார். மூச்சு போக வழியில்ல. ஒவ்வொரு தடவையும் உடம்பு போராடி முழிச்சுக்குது. ராத்திரி முழுக்க இதேதான். அதான் பகல்ல தூங்கி விழறார்." பிறகு பத்ரியிடம், "வண்டி ஓட்டுவீங்களா?"

"ஸ்கூட்டர். பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வருவேன்."

"ஓட்டும்போது அசந்திருக்கீங்களா?"

பத்ரி என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "இரும்புலியூர்கிட்ட ஒருதடவை. பின்னாடி லாரி. பாப்பாதான் முதுகுல அடிச்சு எழுப்பினா. இப்பல்லாம் ஏறி உக்காந்ததும் முதுகுல தட்டிக்கிட்டே வருவா. நான் தூங்கிடக் கூடாதாம்."

"எந்த வகுப்பு?"

"மூணாவது."



"நாளையிலிருந்து ஸ்கூட்டர் வேண்டாம்" என்றார் டாக்டர். "லேசா இருந்தா, தாடையை முன்னால தள்ளிப் பிடிக்கிற மாதிரி பல்லுல மாட்டிக்கிற கருவி நானே செஞ்சு தருவேன். உங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில தூங்க வச்சுப் பரிசோதனை பண்ணணும்." அங்கே பரிசோதித்தார்கள். தாடைக் கருவியெல்லாம் போதாத அளவுக்கு இருந்தது. மூக்கில் மூடி மாட்டிக் காற்றைச் செலுத்தும் இயந்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அதை மாட்டிக்கொண்டு படுத்தால் விமானி மாதிரி இருப்பதாகப் பாப்பாவின் கருத்து.

விளைவு மிகவும் விரும்பத்தகாதது. எட்டு ஐந்தில் பத்ரிநாராயணன் முழித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்! ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதும், பழவந்தாங்கல் என்றொரு ஸ்டேஷன் இருப்பதைக் கண்டுபிடித்து வியப்பதுமாக, சங்கத்தின் மாண்புக்குப் பெரிய களங்கம். திரிசூலத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

"முழிச்சிருக்கிற ஆளுக்கு ஜன்னல் சீட்டு எதுக்கு?" என்று பிரச்சினையின் ஆணிவேரைத் தொட்டான் டெனிஸ்.

நல்வேளையாக, ஜெபசீலன் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் புதிதாக வந்து சேர்ந்தார். கனத்த கழுத்து. அருமையான குறட்டை. ஜன்னலோரக் கைக்குட்டை அவருக்கென்று ஆனது. பத்ரி அதைக் கண்டுகொள்ளாமல் தள்ளி ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

மறு வருஷம், ஆயுதபூஜைக்கு முந்தின நாள். மாலை, மாவிலை, பொரி. பொட்டுக்கடலை மட்டும் இல்லை. பல்லாவரம் தாண்டியதும் ஜெபசீலனின் குறட்டை நின்றது.

"சிக்னல் விழலை" என்று அறிவித்தேன். கைகள் தயாராகின.

பத்ரி எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஜெபசீலனின் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தார். "சார், முழிச்சுக்கோங்க. மூச்சு விடுங்க."

ஜெபசீலன் திடுக்கிட்டு விழித்து, சுற்றியிருந்தவர்களைக் கோபமாகப் பார்த்தார். பத்ரி ரத்தினபாயின் முகவரியை அவர் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தன் பையிலிருந்து, மடிப்புக் கலையாத அந்தப் பொன்னாடையை எடுத்து என்னருகே வந்தார்.

"இத்தனை வருஷம் என் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க சார்? ஒரு குழந்தைக்குத் தோணினது..." முடிக்கவில்லை. நல்ல மனிதர். பொன்னாடையை விரித்து என் தோளில் போர்த்திவிட்டார். "இந்தப் பட்டம் உங்களுக்குத்தான் சார் பொருந்தும்."

பழக்கதோஷம். பெட்டி முழுக்கக் கைதட்டியது.