பெண் பார்க்கப் போன அன்று குடித்த அரிஷ்டம்

மருந்து விற்கிறவனுக்கு மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆறு வருஷம் மருந்து விற்றவன் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப். நாகர்கோவில்காரன். திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜில், மின்சார ஆபீஸில் வேலை பார்த்த மலையாளி சசியோடு ஒரே அறையில் இருந்தேன். ரெப் வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கழுத்தில் டை, கையில் சாம்பிள் பை, டாக்டர் வீட்டு வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் இரண்டு நிமிஷம். அதற்குள் மருந்தின் பெருமை, அளவு, பக்க விளைவு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு வர வேண்டும். அந்த மாதங்களில் நான் ஒப்பித்தது வயிற்றுப்போக்குக்கான மெட்ரோனிடசோல் மாத்திரை. "பேஷண்ட் மது அருந்தக் கூடாது சார்" என்று முடியும் அந்தப் பாட்டை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். (எழுப்பாமலே சொல்லியிருக்கிறேன் என்று சசி சொல்வான்.)

அப்போதுதான் கரமனையில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் கோமதி. அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டவர். மூத்த மருமகன் குடிகாரனாக அமைந்துவிட்டதால், இரண்டாவது பெண்ணுக்கு வந்த மூன்று பேரை மோப்பம் பிடித்தே திருப்பி அனுப்பியிருந்தார். "வேலை சின்னதா இருந்தாலும் சாரமில்லை. வாயில நாத்தம் வரக்கூடாது, கேட்டியா?" என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நானோ கள்ளுக்கடை வந்தால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறவன். போட்டோவில் கோமதியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பெண் பார்க்கும் ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு, ஹோட்டல் முட்டைக்கறி ஒன்று வயிற்றைக் கலக்கிவிட்டது. தினம் பதினைந்து டாக்டரைப் பார்க்கிறவன், ஒரு டாக்டரையாவது கேட்டிருக்கலாம். கேட்பேனா? நானே பாதி டாக்டர் அல்லவா! பையைத் திறந்து சாம்பிளைப் பிரித்து, வேளைக்கு ஒன்றாகப் போட ஆரம்பித்தேன். ஒரு ரூபாய் நாணயத்தை நக்கியது போல நாக்கெல்லாம் கசந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுப்போக்கு நின்றிருந்தது. ஆனால் கால் இரண்டும் நிற்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் அக்கா மட்டும் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். என் கோலத்தைப் பார்த்துச் சசி அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பாட்டிலை எடுத்தான்.

"எடோ, இங்கிலீஷ் மருந்து மாத்ரம் தின்னா சரீரம் தளரும். கொறச்சு அரிஷ்டம் குடிக்கு. என்ட அம்ம கொடுத்து விட்டதாணு. ரெண்டு ஸ்பூன் மதி."

வயிற்றுக்குக் குடிக்கிற இந்த ஆயுர்வேத அரிஷ்டம் கேரளத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். குழந்தை பெற்றவர்கள் முதல் கிழவர்கள் வரை குடிப்பார்கள். இரண்டு ஸ்பூன் போதும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கு, எனக்குத் தெம்பு வேண்டும் என்று நினைத்து, ஒரு கண்ணாடி கிளாஸ் நிறைய ஊற்றி ஒரே மடக்கில் குடித்தேன். இருக்கட்டும் என்று மேலே ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டேன்.

கரமனை வீட்டு ஹாலில் கேசரித் தட்டு கைக்கு வந்தபோது காது சுட்டது. வெட்கம் என்று நினைத்தேன். பிறகு முகம் முழுவதும் சுட்டது. கோமதி காபியோடு வந்து நின்றாள். போட்டோவை விட நன்றாக இருந்தாள். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. காதல் என்றே நினைத்தேன், என்ன செய்வது! ஆனால் காதலில் கண் இருட்டுமா? உள்ளங்கை வியர்த்து வழிந்தது. மூச்சு பாதிக்கு மேல் உள்ளே இறங்கவில்லை.

"ஏலே, முகம் என்னலே இப்படிச் செவந்து கெடக்கு?" என்று அக்கா காதோரம் கேட்டாள்.

அப்போதுதான் பயம் வந்தது. சாதாரண மனிதன் பயந்தால் பொதுவாகப் பயப்படுவான். மருந்து ரெப் வரிசையாகப் பயப்படுவான். மனப்பாடம் செய்த வியாதிகள் ஒவ்வொன்றும் எனக்கு இருப்பதாகத் தோன்றியது. மாரடைப்பு. இல்லை, மூளையில் ரத்தக்கசிவு. இல்லை, இரண்டும். எழுந்து முற்றத்துக்கு ஓடி, மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் கொட்டினேன்.

கோமதியின் அப்பா பின்னாலேயே வந்தார். குனிந்து முகர்ந்தார். அவர் முகம் இறுகியது.

"தம்பி, சத்தியம் பறயணும். குடிச்சிருக்கியா?"

"இல்லை மாமா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி வாந்திதான் வந்தது. "இது நாலாவது" என்று அவர் சலிப்போடு சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணத்தைப் பற்றிய கவலையே போய்விட்டது. ஆட்டோவில் அக்கா மடியில் தலை வைத்து, "சாம்பிள் பையை மேனேஜர்கிட்ட ஒப்படைச்சிரு. அம்மாகிட்ட மெதுவாச் சொல்லு" என்று மரண சாசனம் சொன்னேன். அக்கா வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

இரண்டு தெரு தள்ளி, ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்ததும், "இது நம்மட ரெப் அல்லே?" என்று சிரித்தார். வியாழக்கிழமைதான் அவரிடம் ஒப்பித்துவிட்டு வந்திருந்தேன். ரத்த அழுத்தம் பார்த்தார். சிரிப்பு மறைந்தது. மளமளவென்று குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

"மது குடிச்சோ?"

"தொட்டதே இல்லை சார்."

"மணக்குது டாக்டர். எனக்கும் மூக்கு இருக்காக்கும்" என்றார், ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற கோமதியின் அப்பா.

"ஏதெங்கிலும் மாத்திரை?"

பெயரைச் சொன்னேன். டாக்டர் என்னையே உற்றுப் பார்த்தார். "வியாழாழ்ச்ச அதைப்பத்தி என்னோடு எந்து பறஞ்சு? ஒண்ணு கூடிப் பற."

படுத்தபடியே, கண்ணை மூடி, பழைய ராகத்தில் ஆரம்பித்தேன். "பேஷண்ட் மது அருந்தக் கூடாது சார். அருந்தினால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை வெடிக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம்..." பாதியில் குரல் இறங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் என் உடம்பிலேயே நடந்துகொண்டிருந்தது.

"அரிஷ்டம்!" என்று அக்கா கத்தினாள். "ஏலே, காலையில ஒரு கிளாஸ் குடிச்சியே!"

"ஒரு கிளாஸா?" டாக்டர் தலையில் கை வைத்தார். "அது பின்னே சர்பத்தோ? புளிக்க வச்சு உண்டாக்குறதாக்கும். அதில ஆல்கஹால் உண்டு. ஹார்ட்டில கொழப்பம் உள்ள ஆளாயிருந்தா இந்நேரம்..."

அவர் அதை முடிக்கவில்லை. மீதியை நானே மனதுக்குள் ஒப்பித்து முடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏறியது. கோமதி ஃப்ளாஸ்கில் கஞ்சி கொண்டு வந்தாள். நான் அவமானத்தில் தூங்குவது போலக் கிடந்தேன். அவள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "குடிகாரன் இல்லை, ஒத்துக்கிடுதேன். ஆனா சொந்தப் பையில இருக்கிறது என்னன்னு தெரியாத ஆளுக்கு எம்பொண்ணை எப்படிக் கொடுப்பேன்?"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"அப்பா, முன்ன வந்தவங்க குடிச்சிட்டு ஏலக்காயை மென்னுக்கிட்டு வந்தாங்க" என்றாள் கோமதி. "இவரு குடிக்காமலே மாட்டிக்கிட்டாரு. இவருக்கு ஒண்ணையும் ஒளிக்கத் தெரியாது. எனக்கு இவரே போதும்." பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணைத் திறங்க. தூங்கலைன்னு தெரியும்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாத்திரை எல்லாம் அவள் பீரோவில்தான். ஒரு தலைவலி மாத்திரை வேண்டுமென்றாலும் விசாரணை முடிந்துதான் கைக்கு வரும். என் மாமனார் விருந்துகளில் என்னை, "மருந்துக் கம்பெனியிலே இருந்தவராக்கும். மருந்தைப் பத்தி மட்டும் கேட்டுராதீங்க" என்றுதான் அறிமுகம் செய்வார்.

போன மாதம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன், இப்போது நாங்கள் குடியிருக்கும் அதே கரமனை வீட்டுக்கு வந்தான். நல்ல பையன். உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே தானாக, "ஆன்ட்டி, எனக்குக் குடிக்கிற பழக்கமே கிடையாது" என்றான்.

கோமதி காபியை அவன் முன்னால் வைத்தாள்.

"இவருக்கும் கிடையாது தம்பி. அந்தா முற்றத்துல மருதாணிச் செடி தெரியுதா? அங்கதான் வாந்தி எடுத்தாரு."