ஆடாமல் அசையாமல் ஒரு கிடார்

"உள்ளே ஏதோ கழண்டிருக்கு மாமா. தடித்த தந்தியைத் தட்டினா கிர்ர்னு கத்துது."

கட்டைக்குரலில் அதிரும் பெரிய மரப் பேஸ் கிடார் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார் மாப்பிள்ளை.

தச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை அவரிடம் பேசியது "வாங்க", "சரிங்க", "வரேங்க" என்ற மூன்றே மூன்று வார்த்தைகள். மாமனாரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் சுபாவம், பாவம். அவர் தானாக உதவி கேட்டு வந்திருக்கிறார். இதில் சொதப்பினால் அந்த மூன்றும் கிடைக்காது.

கட்டில், மேஜை, பீரோ என்று முப்பது வருடம் இழைத்த கை. கிடாரைத் தொட்டதே இல்லை. அதை மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

"பத்து நிமிஷ வேலை மாப்பிள்ளை!"

டார்ச் அடித்துக் கிடாரின் நடுத்துளை வழியே உள்ளே பார்த்தார். மேல்பலகைக்கு அடியில் தாங்கலாக ஒட்டியிருந்த சட்டங்களில் ஒன்று, ஒரு முனை பிய்ந்து தொங்கியது. தச்சரின் கை துளைக்குள் நுழையவில்லை. மாப்பிள்ளையின் ஒல்லிக் கை நுழைந்தது.

"இன்னும் இடது... ஐயோ, அது வலது மாப்பிள்ளை!"

"உள்ளே போனா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு மாமா!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பசை காய்ந்தது, கிர்ர் போயே போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம். தச்சர் தந்தியைத் தட்டிவிட்டுப் பலகைமேல் விரலை வைத்தார்.

"அடக் கடவுளே, பலகை ஆடுதே!"

ஆடுகிற பலகையைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளையை விட்டுக் குறுக்கே புதிதாக ஒரு சட்டம் ஒட்ட வைத்தார். சத்தம் பாதியாகிவிட்டது.

"தாங்கல் போதலை" என்று இன்னும் இரண்டு போட்டார்கள். சத்தம் கொசு அளவுக்கு வந்தது.

"டபுள் பேஸ்னு ஆளுயர வயலின் மாதிரி ஒண்ணு இருக்கே, அதுக்குள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவுல முட்டுக்கொடுத்து ஒரு குச்சி நிக்குமாம் மாமா. படிச்சிருக்கேன்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

குச்சியா? கட்டில்கால் கனத்தில் ஒரு தூணையே இழைத்து, பசையைக் குழைத்துப் பூசி, மாப்பிள்ளை கையாலேயே உள்ளே நிறுத்தவைத்தார் தச்சர்.

சாயங்காலம் மாப்பிள்ளை தந்தியைத் தட்டினார். டொக்.

"யாருங்க? கதவு திறந்துதான் இருக்கு!" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள் தச்சரின் மனைவி.

"பலகை ஆடலை மாமா" என்றார் மாப்பிள்ளை ஆறுதலாக.

"ஏறி உட்காரலாம்" என்றார் தச்சர், செத்த குரலில்.

மாப்பிள்ளை "வரேங்க" என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு போனார். தச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, உன் வீட்டுக்காரர் ஆசையா வெச்சிருந்ததைப் பாழாக்கிட்டேன். இன்னிக்கு வாய் நிறைய 'மாமா, மாமா'ன்னு பேசினார் தெரியுமா? எனக்கு அப்படி ஒரு சந்தோஷமா இருந்துச்சு! இனி இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டார். ரொம்பக் கோவமா இருக்காரா?"

மகள் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"உங்ககிட்ட பேச ஒரு சாக்கு வேணும்னு போன வாரம் அவரேதான் கத்தியால ஒரு சட்டத்தை நெம்பிவிட்டாருப்பா, இப்ப நீங்க போட்டதுல ஒண்ணுகூட அசைய மாட்டேங்குதாம், அடுத்த ஞாயித்துக்கிழமை எதை உடைச்சு எடுத்துட்டு வர்றதுன்னு தலையில கைவெச்சு உட்கார்ந்திருக்காரு!"