சுவரைக் கழுவப் போன மாப்பிள்ளை

அளவாகச் செய்ய வேண்டிய வேலையை அசத்தலாகச் செய்யும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதில் போனது ஒரு கல்யாணம். (என்னுடையதுதான்.)

மிஸ்டு கால் கொடுத்தே திருப்பூர் தொழில் நடத்திய காலம் அது. கோவையில் பழைய ஹை பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கி, கட்டடங்களின் வெளிச்சுவரைக் கழுவித் தரும் தொழில் தொடங்கியிருந்தேன். பனியன் கம்பெனி துரைசாமியின் மகள் சுமதியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய தாய்மாமன் கந்தசாமிக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தும் எனக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் ஒரு சண்டை. துரைசாமியோடு கந்தசாமி கூட்டாக நடத்திய கம்பெனியைப் பிரித்துக்கொண்டு, மச்சான்கள் இருவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. அந்தச் சண்டை நீடூழி வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வேன். சுமதியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

உப்புச்சக்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்ய நாலு நாள் இருக்கும்போது துரைசாமி கூப்பிட்டார்.

"விருந்தாளிக வர்ற நேரமுங்க மாப்பிள்ளை. கம்பெனி முன்செவுத்துல பாசி புடிச்சுக் கெடக்குது. மேலாப்புல அடிச்சு உட்டாப் போதுங்க."

மேலாப்பில் அடித்தால் அப்புறம் நான் யார்? லாரித் தண்ணீரை இறக்கி மெஷினை முடுக்கினேன். பத்து நிமிடத்தில் பாசி போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மாடி ஜன்னலில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். அழுத்தத்தை முழுக்கத் திருகினேன். (ஒரு கையை இடுப்பில் வேறு வைத்துக்கொண்டேன்.)

வெள்ளைப் பூச்சு பட்டை பட்டையாக உரிந்தது. உள்ளேயிருந்து கறுப்பு எழுத்துகள் வந்தன. முதலில் 'சாமி' என்று தெரிந்தது. பக்தியோடு இன்னும் அடித்தேன். 'துரைசாமி - கந்தசாமி பனியன் கம்பெனி' என்று முழுசாக வந்து நின்றது.

பிரிந்தபோது பழைய எழுத்தைச் சுரண்டச் சோம்பிக்கொண்டு, மேலேயே வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தாராம் துரைசாமி. அவர் பதறி ஓடிவருவதற்குள், எதிர்வரிசைக் கம்பெனியிலிருந்து கந்தசாமியே வந்துவிட்டார். சுவரைப் படித்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"ஏனுங்க மச்சான், எம் பேர அழிக்க உங்களுக்கு மனசு வல்லீங்களா?"

துரைசாமி என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "எப்படிங்க கந்தசாமி மனசு வரும்?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இருவரும் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்ட கையை எடுக்காமலே கந்தசாமி சொன்னார், "அப்ப சுமதி எங்கூட்டுக்கு வர வேண்டிய புள்ளைங்க."

காலையில் மாப்பிள்ளை என்ற துரைசாமி என் பக்கம் திரும்பினார். "தம்பி, மெஷின நிறுத்துங்க. தண்ணி வீணாப் போவுது."

முகமெல்லாம் தண்ணீர் தெறித்திருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். சுமதி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஜன்னலில் நின்றது எதிர்க் கம்பெனியைப் பார்ப்பதற்காக என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. எந்த விசேஷத்தில் பார்த்தாலும் சுமதியின் கணவர் என் தோளில் கைபோட்டு, பந்தியில் இருக்கும் எல்லோருக்கும் அறிமுகம் செய்வார். "எனக்குப் பொண்ணு குடுத்தது எங்க மாமா இல்லீங்க, இவருதானுங்க."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் என் மனைவி. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டுச் சுவரை மட்டும் அவள் என்னைக் கழுவ விட்டதில்லை.